கொடிக்காலுக்கு மேற்கு

பிறந்த ஊருக்குத் திரும்பப் போய்விட்டு வந்து எழுதுகிறவர்கள் அநேகமாக இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள். எல்லாம் மாறிவிட்டது என்பது ஒன்று. எல்லாம் சின்னதாகிவிட்டது என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் எதிர்பார்த்துத்தான் சென்ற மாசியில் நானும் தொட்டியத்துக்குப் போனேன். வீட்டை விற்கிற காரியம். ஆனால் எனக்கு நேர்ந்தது வேறு. நாற்பது வருஷமாக எழுத்தில் நான் போய் வந்துகொண்டிருந்த ஓர் இடம் தொட்டியத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1983இல் ஒரு சிறுபத்திரிகையில் கொடிக்காலைப் பற்றிப் பதினான்கு வரியில் ஒரு கவிதை எழுதினேன். அந்த நாளில் அதைப் படித்த பத்துப் பன்னிரண்டு பேரில் நாலைந்து பேர் இதையும் படிக்கக்கூடும். வெற்றிலைக் கொடிக்காலின் பச்சை இருட்டு, ஈரம், அதில் ஒரு சிறுவன் செய்த திருட்டு, அதனால் இன்னொரு சிறுவன் பள்ளிக்கூடத்தை விட்டது. இவ்வளவுதான் விஷயம். நண்பர் ஒருவர் குற்றவுணர்வைத் தமிழில் இவ்வளவு சிக்கனமாக யாரும் சொல்லவில்லை என்று கார்டு எழுதினார். அந்தக் கார்டை நெடுநாள் வைத்திருந்தேன். நான் செய்த ஒரு தவறுக்கு யாரோ ரசீது போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டியதும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் கண்ணில் பட்டது. என் சிறுவயதில் அது மொட்டைக் கோபுரம். அடித்தளம் மட்டும் எழுப்பி சில நூற்றாண்டுகள் அப்படியே விட்டுவிட்டிருந்தார்கள். 1979இல் வேலையைத் தொடங்கி 1987இல் பதின்மூன்று நிலைகளும் கட்டி முடித்தார்கள். 236 அடி. நான் பார்த்தவற்றில் காலம் போகப்போகச் சிதையாமல் முழுமையான பொருள் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இருந்தும், ஸ்ரீரங்கம் என்று யாராவது சொன்னால் எனக்கு மொட்டைக் கோபுரம்தான் நினைவில் எழுகிறது. இந்தப் பிடிவாதத்தை ஒரு நற்குணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

பஸ்ஸில் வால்டர் பெஞ்சமினை நினைத்துக்கொண்டேன். 1932இல், ஊரை விட்டு நிரந்தரமாக வெளியேற வேண்டிவரும் என்று தெரிந்த நேரத்தில், அவர் தன் பெர்லின் பால்யத்தைப் பற்றிய குறிப்புகளை எழுதத் தொடங்கினார். அடுத்த வருஷம் ஜெர்மனியை விட்டுப் போனார். 1940இல் ஸ்பெயின் எல்லையில் இறந்தார். புத்தகம் 1950இல்தான் வந்தது. அம்மை குத்திக்கொள்வதுபோல, ஏக்கம் தன்னைப் பிடிக்காமலிருக்கத்தான் அந்தப் பிம்பங்களை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டதாக முன்னுரையில் சொல்கிறார். இழந்ததைத் தன் ஒருவனுக்கு நேர்ந்த விபத்தாகப் பார்க்காமல், சமூகத்தில் திரும்பப் பெற முடியாமல் போன ஒன்றாகப் பார்க்க முயன்றதாகவும் சொல்கிறார். முதல் வாக்கியத்தை நான் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். இரண்டாவதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

கொள்ளிடம் கடந்து, நெம்பர் ஒன் டோல்கேட்டில் மேற்கே திரும்பி, நொச்சியம், குணசீலம், முசிறி என்று பஸ் வடகரையிலேயே போகிறது. பத்திரப்பதிவுக்கு டோக்கன் பிற்பகல் மூன்று மணிக்கு. கையில் நேரம் இருந்ததால் தொட்டியத்துக்கு முன்னால் சீனிவாசநல்லூரில் இறங்கினேன்.

கோரங்கநாதர் கோயில் எங்கள் காணும்பொங்கல் இடம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டியில் வருவோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கற்றளி. கல்வெட்டில் மகேந்திரமங்கலம் என்ற பிரமதேயத்தின் கோயில். சாமியின் பெயர் திருக்குரக்குத்துறைப் பெருமானடிகள். குரங்குக்கும் கோரங்கநாதருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பாட்டி ஒரு கதை சொல்வாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தென்சுவரில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியும், வெயிலில் சூடேறிய எழுத்துகளும்தான். கல்வெட்டு வரிமேல் விரலை வைத்து ஓடுவோம். எழுத்து முடிகிற இடத்துக்கு முதலில் போகிறவன் ஜெயித்தவன். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. பின்னால், சோழர் கல்வெட்டுகளை அச்சில் பார்த்தபோதுதான் அவற்றில் பெரும்பாலானவை நிலத்தைப் பற்றியவை என்று தெரிந்தது. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை. நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லி நடுவில் உள்ளதைக் கொடுக்கிறார்கள்.

அன்றும் நான் அந்தச் சுவரில் விரலை வைத்துப் பார்த்தேன். என் பையிலும் அதே ஜாதிக் காகிதங்கள்தான் இருந்தன. வாங்குகிறவரின் வக்கீல் கேட்டதற்காக எடுத்து வந்த மூலப் பத்திரங்கள். 1956இல் எழுதின பாகப்பிரிவினை ஒன்று, 1971இல் தாத்தா எழுதி வைத்த செட்டில்மெண்டு ஒன்று. தட்சிணாமூர்த்திக்கு எதிரே உட்கார்ந்து முதல் பத்திரத்தைப் பிரித்தேன். எங்கள் வீட்டுக்குக் கிழக்கெல்லையாக, இன்னார் பயிர் செய்துவரும் வெற்றிலைக் கொடிக்காலுக்கு மேற்கு என்று எழுதியிருந்தது. இன்னார் என்பது என் கவிதையில் பள்ளிக்கூடத்தை விட்ட பையனின் அப்பா. அவர் பெயரை முழுசாக, தகப்பன் பெயரோடு பார்ப்பது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் தெரிந்த முகம் தட்டுப்பட்ட மாதிரி ஒரு சந்தோஷம். மடித்து வைத்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன்.

தொட்டியம் என்றால் அகராதியில் மாந்திரிகம் என்று ஒரு பொருள் இருக்கிறது. திருச்சியில் கல்லூரியில் படிக்கும்போது ஊர்ப் பெயரைச் சொன்னால், மந்திரம் போடுவியாடா என்பார்கள். நான் அறிந்த தொட்டியத்தில் மந்திரத்தைவிட வாழையும் வெற்றிலையும் கோரையும்தான் அதிகம். தெற்கே காவிரி. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே வாய்க்கால், அதன் இருபுறமும் தோட்டம். இப்போதும் அப்படித்தான். சின்னதாகவும் தெரியவில்லை. மெயின் ரோடில் கடைகள் கூடியிருக்கின்றன. சந்துகளுக்குள் போய்விட்டால், எந்தத் திருப்பத்தில் எந்த நாற்றம் வரும் என்பதுவரை கால் சொல்லிவிடுகிறது.

மதுரை காளியம்மன் கோயில் வாசலில் சற்று நேரம் நின்றேன். பங்குனித் திருவிழாவில் இங்கே ஓடுவது சக்கரத் தேர் அல்ல. பெரிது ஒன்றும் சின்னது ஒன்றுமாக இரண்டு தேர். இரண்டையும் ஆட்கள் தோளில் தூக்கி வருவார்கள். தேர் தெருவில் திரும்பும்போது திண்ணையில் எங்களுக்கு நடுக்கம் வரும். மேலே அம்மனைப் பார்த்துக் கும்பிட்டதுதான் ஞாபகம். கீழே வாரையில் தோள் கொடுத்தவர்களின் முகம் ஒன்றுகூட ஞாபகமில்லை. என் நண்பனின் அப்பா அவர்களில் ஒருவர் என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியும். இருந்தும் தேரின் கீழ் அவரை நான் தேடியதில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் கொடிக்கால். அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதலில் அகத்தியை விதைப்பார்கள். அது ஆளுயரம் வந்ததும் அதன் அடியில் கொடியைக் கிள்ளி நடுவார்கள். கொடி வளர வளர அகத்தியோடு சேர்த்து வாழைநாரால் கட்டிக்கொண்டே போக வேண்டும். உச்சிக்குப் போய்விட்டால் அவிழ்த்து இறக்கி, அடிக்கொடியைச் சுருட்டி மண்ணுக்குள் புதைத்து, நுனியை மறுபடி ஏற்ற வேண்டும். பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். காலையும் மாலையும் அதை எடுத்துக் கொடிமேல் இறைப்பார்கள். கட்டை விரலில் இரும்பு நகம் மாட்டிக்கொண்டு இலை கிள்ளுவார்கள். நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டுவார்கள். செருப்போடு உள்ளே போகக்கூடாது. கொடிக்கால் கோயில் மாதிரி. பங்குனி வெயிலில் உள்ளே நுழைந்தால் உடம்பு பூராவும் ஈரத்துணி போர்த்தியது போலிருக்கும்.

எனக்கு உலகத்தில் பிடித்த இடம் அது. அவனும் நானும் ஒரே வகுப்பு. கொடிக்காலுக்குள் ‘டா’ போட்டுப் பேசுவோம். தெருவில் வந்துவிட்டால் அவன் என்னை எந்த வார்த்தை சொல்லியும் கூப்பிட மாட்டான். இது இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

1970இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு கல்யாணத்துக்கென்று கட்டி வைத்திருந்த கவுளிகளில் இரண்டை எடுத்துப்போய் வாய்க்காலில் இலையிலையாக மிதக்கவிட்டேன். வரிசையாகப் போனது அழகாக இருந்தது. மாலையில் எண்ணிக்கை குறைந்தது. தாத்தா அவன் அப்பாவைத் திண்ணைக்கு எதிரில் நிறுத்திக் கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அந்த முடிச்சுதான் என் கவிதை.

கொல்லைக் கதவைத் திறந்தேன். வாழை. எண்பதுகளில் சித்தப்பா கொடிக்காலை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் சில வருஷம் வெற்றிலை போட்டார்கள். வாடல் நோய் வந்தால் ஒரு பாத்தியோடு நிற்காது. ஆட்களும் எந்நேரமும் வேண்டும். கொடியை அழித்து வாழை வைத்துவிட்டார்கள். இது எனக்குத் தெரிந்த செய்திதான். இருந்தும் அங்கே அகத்தியின் வெள்ளைப் பூவைத் தேடினேன்.

வாய்க்கால் பாலத்தருகே ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்தவர் என்னைப் பார்த்து எழுந்தார்.

“பெரியவரு வீட்டுத் தம்பியா? நடை அவரு நடையாவே இருக்கே.”

அவன்தான். அவர்தான் என்று எழுத வேண்டும். எனக்கு ‘நீ’ வரவில்லை. ‘நீங்க’ சொல்ல வாயெடுத்தால் பொய்யாகப் பட்டது. அதற்குப் பிறகு அரைமணி நேரம், முன்னிலை இல்லாமலே வாக்கியங்களை அமைத்துப் பேசினேன். அவருக்கு அந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. இயல்பாக ‘நீங்க’ என்றார். பேரன் நாமக்கல்லில் படிக்கிறானாம். அவர் ஒன்றரை ஏக்கர் வாழையைக் குத்தகைக்குப் பார்க்கிறார். முழங்கால் வலி.

நான் சொல்லிவிட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, இரண்டு கவுளி வெற்றிலை, வாய்க்கால், திண்ணை, தூண், எல்லாவற்றையும். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. மன்னிப்பு என்ற வார்த்தையைக்கூடப் பிரயோகித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, “வெத்தலையா? தெனமும்தான் ரெண்டு கவுளி கொறையும். எண்றதுல தப்பும், ஆடு தின்னும். அதுக்கெல்லாம் யாரு கோவிச்சுக்கிட்டா?” என்றார்.

“பள்ளிக்கூடம் நின்னது?”

“அது அதுக்கில்லீங்க. கொடிக்கால எங்கப்பாரு குத்தகைக்கு வச்சிருந்தாரு. வாய்ப்பேச்சுதான். அப்ப ஏதோ சட்டம் வந்திருச்சு, குத்தகைக்காரன் பேரு பதிஞ்சா நெலம் போயிரும்னு பேசிக்கிட்டாங்க. ஒங்க தாத்தா கூப்பிட்டு, நான் குத்தகைதாரன் இல்ல, கூலியாளுதான்னு எழுதிக் குடுத்துருன்னாரு. எங்கப்பாரு கைநாட்டு வச்சாரு. குத்தகைன்னா ஒரு ஆளு பாத்துப் பொழைக்கலாம். கூலின்னா ஒரு ஆளு பத்தாது. நானும் எறங்கிட்டேன். மொதக் கூலில அம்மாவுக்கு வளையல் வாங்கியாந்தேன்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சிரித்தார். அந்த வருஷம் அவருக்கு ஞாபகமிருப்பது வளையலால்.

எனக்குச் சட்டம் தெரியும். 1955இலேயே சாகுபடி செய்யும் குத்தகைதாரர்களைக் காரணமில்லாமல் வெளியேற்றக்கூடாது என்று பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் பெரும்பாலும் வாய்மொழிக் குத்தகை. யார் குத்தகைதாரர் என்று காட்டக் காகிதம் இல்லை. அதற்காகத்தான் 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் கொண்டுவந்தார்கள். பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான சட்டம் அது. பதிவதற்கு முன்னால் பதிய வேண்டிய ஆளே இல்லாமல் செய்துவிட்ட நிலக்காரர்கள் நிறைய. இதைப் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், ஒருமுறை எழுதியும் இருக்கிறேன், கீழத்தஞ்சையை உதாரணம் காட்டி. எங்கள் கொல்லைக் கதவுக்கு அப்பால் அது நடந்திருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து இரண்டாவது பத்திரத்தைப் பிரித்தேன். 1971. அதே வீடு, அதே நான்கு எல்லைகள். வடக்கும் தெற்கும் மேற்கும் 1956இல் உள்ளபடியே. கிழக்கில் மட்டும், நமக்குப் பாத்தியப்பட்ட கொடிக்காலுக்கு மேற்கு என்று இருந்தது. பெயர் இல்லை. ஆளை மறைக்கிற வித்தையும் மாந்திரிகத்தில் சேர்த்திதான். அதை நீலமை கொண்டு முத்திரைத்தாளில் செய்யலாம் என்று எனக்குத் தெரியாது.

சோழர் கல்வெட்டுகளில் நிலக்கொடையோடு வரும் ஒரு தொடர் உண்டு: குடி நீக்கி. ஏற்கெனவே இருந்த குடிகளை நீக்கிவிட்டுக் கொடுத்த நிலம். குடி நீங்காமல் கொடுத்தது வேறு வகை. அவர்கள் அதைக் கல்லிலேயே சொல்லிவிட்டுச் செய்தார்கள். எந்தக் கல்லில் எது எழுதியிருந்தது என்று தெரியாமல் அந்தச் சுவரில் நாங்கள் விரல் ஓட்டி விளையாடியிருக்கிறோம்.

தாத்தா கெட்டவர் அல்ல. திண்ணைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் வெற்றிலை எடுத்துக் கொடுப்பார். அவன் அப்பாவுக்கும் கொடுப்பார். சுற்றுவட்டாரத்தில் மற்றவர்கள் செய்ததை அவரும் செய்தார். ஆனால் நான் பேச வேண்டியது தாத்தாவைப் பற்றி அல்ல. என் கவிதையைப் பற்றி.

பன்னிரண்டு வயதில் அந்த முடிச்சைப் போட்டது ஒரு பையனின் தர்க்கம். அதில் தப்பில்லை. இருபத்தைந்து வயதில் அதைக் கவிதையாக்கியபோது எனக்கு விஷயம் தெரிந்துகொள்ளும் வசதி இருந்தது. பத்திரம் பீரோவில்தான் இருந்தது. அவரும் ஊரில்தான் இருந்தார். நான் கேட்கவில்லை. இரண்டு கவுளி வெற்றிலையின் குற்றம் என் கைக்கு அடக்கமாக இருந்தது. பதினான்கு வரிக்குள் வந்தது. எடுத்து எடுத்துப் பார்க்கவும் சுகமாக இருந்தது. கொடிக்காலின் ஈரத்தை விரும்பியதுபோலவே இந்தக் குற்றவுணர்வையும் விரும்பியிருக்கிறேன். சிறுவயதில் எனக்குப் பிடித்த இடங்கள் என்று கணக்கெடுத்தால் அதையும் சேர்க்க வேண்டும். வெயிலுக்கு ஒதுங்குகிற மாதிரி அங்கே போய் ஒதுங்கியிருக்கிறேன்.

சிட்டியும் ஜானகிராமனும் காவிரியோடு பயணம் போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யும் அதே 1971இல்தான் வெளிவந்தது. என் தலைமுறையில் பலர் ஆற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அதிலிருந்து. அவர்கள் ஊர் ஊராக இறங்கி ஆட்களிடம் பேசினார்கள். நாங்கள் ஆற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். காவிரிக் கரையில் பிறந்த எங்களில் பலரின் கவிதைகளில் படித்துறை இருக்கிறது, நாணல் இருக்கிறது, ஒரு தனி ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த இடம் ஏன் அவ்வளவு காலியாக இருக்கிறது என்று எங்கள் விமர்சனத்தில் நாங்கள் கேட்டதில்லை. அதை நவீனத்துவத்தின் தனிமை என்று எழுதினோம். நானும் எழுதியிருக்கிறேன். எல்லாக் கவிதைக்கும் இது பொருந்தும் என்று இப்போது சொல்ல வரவில்லை. என்னுடையதற்குப் பொருந்துகிறது. அந்தக் கவிதையில் கொடிக்கால் பச்சையாக, இருட்டாக, அமைதியாக இருக்கிறது. தண்ணீர் இறைக்கிற சத்தம் இல்லை. அப்படி அமைதியான கொடிக்கால் தொட்டியத்தில் கிடையாது. ஆள் இல்லாமல் ஒரு வாரம் விட்டால் கொடி காய்ந்துவிடும்.

மணி இரண்டரை ஆகிவிட்டது. அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பத்திரத்துக்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒருவரை வாங்குகிறவர் கூட்டி வந்திருந்தார். இன்னொருவராக வர வேண்டியிருந்த உறவினரிடமிருந்து வரவில்லை என்று போன் வந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன் அவரே, “கையெழுத்துதானே, வர்றேன் வாங்க” என்றார். ஆதார் அட்டை சட்டைப்பையிலேயே இருந்தது.

எழுதுகிறவர் பத்திரத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். கிழக்கெல்லை, தற்போது வாழைத் தோட்டமாக உள்ள நிலத்துக்கு மேற்கு. இப்போதைய உரிமையாளர் பெயர் சொல்லியிருந்தது. பயிர் செய்கிறவர் பெயரைச் சொல்கிற வழக்கம் இல்லை. அந்த வாழையை இன்று குத்தகைக்குப் பார்ப்பது யார் என்று நான் விசாரித்திருக்கலாம். அவரையேகூடக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது.

சாட்சிகள் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்தோம். அவர் பேனாவை வாங்கி, காகிதத்தை நேராக வைத்து, தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். ஐந்தாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் கற்பித்த உருண்டைக் கையெழுத்து அப்படியே இருந்தது. எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

“அப்பா பேரும் எழுதணுங்களா?”

“எழுதணும்,” என்றார் பத்திரம் எழுதுகிறவர்.

எழுதினார். நான் தலைகீழாக நின்று படித்தேன். காலையில் சீனிவாசநல்லூரில் படித்த அதே பெயர், அதே எழுத்துகள்.

அந்தக் கவிதையைத் திருத்தி எழுதலாமா என்று திரும்பி வரும் வழியில் யோசித்தேன். ஒருவர் இன்னும் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வாய்ப்பேச்சாக. அதைத் திருத்த என் கவிதையால் ஆகாது. தொகுப்பு மறுபதிப்பு வந்தால் அதை எடுத்துவிடச் சொல்லலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எடுத்துவிட்டால் அதுவும் இன்னொரு 1971 ஆகிவிடும்.